மஞ்சள் வேறு, மாத்திரை வேறு

மாசி, பங்குனி மாதங்களில் ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குள் கால் வைத்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் விழித்துக்கொள்ளும். வரிசை வரிசையாக மூட்டைகள். ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால் சாம்பிளாக விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும். வியாபாரி ஒரு விரலியை எடுத்து இரண்டாக உடைக்கிறார். பக்குவமாகக் காய்ந்த விரலி உலோகத்தைத் தட்டியது போன்ற சத்தத்தோடு முறியும். உள்ளே ஆரஞ்சு கலந்த அடர்நிறம் தெரியும். காய்ச்சல் பதம், கனம், நிறம் ஆகிய மூன்றும்தான் தலைமுறைகளாக விலையைத் தீர்மானித்து வந்தன. இப்போது நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: ‘குர்குமின் எத்தனை சதவிகிதம்?’

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சாம்பார்ப் பொடி அரைக்கிறவர்கள் அல்லர். மஞ்சளிலிருந்து குர்குமினைப் பிரித்தெடுத்து விற்கும் ஆலைக்காரர்கள். அந்தச் சாறு கேப்ஸ்யூலாகி மருந்துக்கடை அலமாரியிலும் ஆன்லைன் கடைகளிலும் வரிசைகட்டி நிற்கிறது. மூட்டுவலிக்கு, சர்க்கரைக்கு, மறதிக்கு, கல்லீரலுக்கு, ஏன், புற்றுநோய்க்கும்கூட அது நல்லது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. ‘மஞ்சள்தானே, என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது?’ என்று வாங்கி விழுங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்று மருத்துவ உலகத்திடம் பதில் இருக்கிறது. கேப்ஸ்யூலைத் திறப்பதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

குர்குமின் ஒரு பாலிஃபீனால். தேயிலை, திராட்சைத் தோல், நெல்லிக்காய் என்று பல தாவரங்களில் இருக்கும் பெருங்கூட்டத்தில் ஒன்று. மஞ்சளுக்கு மஞ்சள் நிறத்தைத் தருவதே இதுதான். 1815-ல் வோகல், பெல்லத்தியே என்ற இருவர் மஞ்சளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு 1910-ல்தான் தெளிவானது. காய்ந்த மஞ்சளில் இது சுமார் 3 சதவிகிதம் இருக்கும். ரகத்தையும் மண்ணையும் பொறுத்துக் கூடும், குறையும். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவிகிதம்வரைகூட உண்டு.

ஆரத்தித் தட்டில் ஒரு வேதியியல்

குர்குமினின் குணத்தை ஆய்வுக்கூடம் போகாமலே பார்க்கலாம். மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்ததும் சட்டென்று ரத்தச் சிவப்பாகிறதே, அந்த ஆரத்தி நீர்தான் சாட்சி. சுண்ணாம்பின் காரம் குர்குமின் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. மூலக்கூறு ஒளியை உறிஞ்சும் விதம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. குழம்புக்கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் சிவப்பதும் இதனால்தான். பிறகு வெயிலில் காயப்போட்டால் கறை மங்கிவிடுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

நிறம் மாறுவது மட்டுமல்ல. கொஞ்சம் காரத்தன்மை இருந்தாலே குர்குமின் உடைந்து சிதையவும் தொடங்கிவிடுகிறது. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், மனித உடலின் வெப்பத்திலும் ஏறக்குறைய ரத்தத்தின் காரநிலையிலும் வெறும் கரைசலில் வைத்த குர்குமினில் 90 சதவிகிதம் அரை மணி நேரத்தில் அழிந்துபோனது. ரத்தச் சீரம் சேர்த்தபோது சிதைவு மெதுவானது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரையாது, வெளிச்சம் ஆகாது, காரம் ஆகாது. மருந்தாக வேண்டிய ஒரு பொருளுக்கு இவை நல்ல ஜாதகப் பொருத்தங்கள் அல்ல.

வாய்வழியாக விழுங்கினாலும் இதே கதைதான். குடல் சுவர் கொஞ்சம்தான் உள்ளே விடுகிறது. அப்படி நுழைந்ததையும் குடலும் கல்லீரலும் உடனே வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது அநேகமாகத் தென்படவே இல்லை. மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைத்த அளவு 2,000 சதவிகிதம் கூடியது.

இந்த 2,000 சதவிகிதம் இன்று எல்லா டப்பாக்களிலும் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் இல்லாததற்கு அருகிலிருந்து இருபது மடங்கு என்பது இப்போதும் சொற்பம்தான். இதைவிட முக்கியமான இன்னொன்றை டப்பா சொல்வதில்லை. அன்னியப் பொருள்களை வெளியேற்றும் கல்லீரலின் வேலையைப் பைப்பரின் தடுப்பதால்தான் குர்குமின் தங்குகிறது. அதே தடுப்பில், ஒருவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளும் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் தங்கிவிடலாம்.

லக்னோவிலிருந்து ஹூஸ்டன்வரை

குர்குமின் ஆராய்ச்சியில் இந்தியாவுக்குப் பழைய இடம் உண்டு. 1973-ல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீமல், தவன் ஆகிய இருவரும் விலங்குகளில் அது வீக்கத்தைக் குறைப்பதைக் காட்டினார்கள். 1987-ல் திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் ராமதாசன் குட்டன் குழு, உடலுக்கு வெளியே புண்ணாகிவிட்ட புற்றுக்கட்டிகள் உள்ள 62 நோயாளிகளுக்கு மஞ்சள் சாறும் குர்குமின் களிம்பும் தடவிப் பார்த்தது. நாற்றம் குறைந்தது, அரிப்பு தணிந்தது என்று பதிவு செய்தது. கட்டி கரைந்து நோய் குணமானது என்று அந்தக் குழு சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு நாற்றம் குறைவதும் பெரிய ஆறுதல்தான். அந்த அளவோடு அந்த ஆய்வை மதிக்க வேண்டும்.

இடையில் வந்தது காப்புரிமைச் சண்டை. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. மாஷேல்கர் தலைமையிலிருந்த இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களையும் 1953-ல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரையையும் ஆதாரமாக வைத்து அதை எதிர்த்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. நாடே கொண்டாடிய வெற்றி அது, கொண்டாடத் தகுந்ததும்தான். ஆனால் மஞ்சள் காயத்துக்குப் பயன்பட்டுவந்தது பழைய செய்தி என்பதைத்தான் அந்த வழக்கு நிரூபித்தது. எந்த அளவில், எந்த நோய்க்கு, எவ்வளவு குணம் தருகிறது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அந்த வெற்றியைக் காட்டி இன்று மாத்திரை விற்பது நியாயமில்லை.

பிறகு ஆய்வுக் கட்டுரைகள் வெள்ளமாகப் பெருகின. அந்த வெள்ளத்தின் ஊற்றுக்கண்களில் ஒருவர், ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இருந்த பரத் அகர்வால். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த புற்றுச் செல்களில் குர்குமின் எந்தெந்தப் பாதைகளைத் தடுக்கிறது என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதியவர். அவர் கட்டுரைகளில் இடம்பெற்ற படங்கள் குறித்துக் கேள்விகள் எழுந்தன. 2015-ல் அவர் அந்த மையத்தை விட்டு விலகினார். 2016-ல் ஒரே இதழ் அவருடைய ஏழு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. மற்ற இதழ்களிலும் அது தொடர்ந்தது. அந்தக் கட்டுரைகளை நம்பி எழுதப்பட்ட மற்ற கட்டுரைகள் இன்னும் உலவிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் வேதனை.

2017-ல் கேத்ரின் நெல்சன், மைக்கேல் வால்டர்ஸ் முதலானோர் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் எழுதிய நீண்ட அலசல், குர்குமின் உலகத்தை உலுக்கியது. ஆய்வுக்கூடச் சோதனைகள் பலவற்றில் ஒளியின் அளவை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று கணிக்கிறார்கள். குர்குமினோ தானே நிறமுள்ளது, தானே ஒளிர்வது, உலோகங்களோடும் புரதங்களோடும் ஒட்டிக்கொள்வது. ஆகவே அது வேலை செய்யாதபோதும் செய்ததுபோலக் கருவி காட்டிவிடும். 120-க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும் கறாரான முறையில் நிறைவான வெற்றி ஒன்றும் இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை எல்லோரும் ஏற்கவில்லை. இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநர் கோ. பத்மநாபன் மறுத்து எழுதியவர்களில் ஒருவர். மலேரியா பிடித்த எலிகளுக்கு ஆர்ட்டிமிசினின் வகை மருந்தோடு குர்குமினும் கொடுத்துக் காப்பாற்றிக் காட்டிய குழு அவருடையது. வழக்கமான மருந்து இலக்கணத்துக்குள் குர்குமின் அடங்காமல் போகலாம், அதற்காக ஒதுக்கிவிடக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அறிவியலில் இப்படியான சண்டை நல்லது. இதைத் தீர்க்க வேண்டியது மனிதர்களில் நடக்கும் சோதனைகள்தான்.

எங்கே பலன், எங்கே இல்லை

மூட்டுவலியில் ஓரளவு நம்பிக்கை இருக்கிறது. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறும் மறு பாதிக்கு 1,200 மில்லிகிராம் இபுப்ரூஃபனும் நான்கு வாரம் கொடுத்தார்கள். வலி இரண்டிலும் ஏறக்குறைய ஒரேபோலக் குறைந்தது. வயிற்று உபத்திரவம் மஞ்சளில் குறைவு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான சோதனையில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கு 12 வாரத்தில் வலி கூடுதலாகக் குறைந்தது. நூறு புள்ளி அளவுகோலில் ஒன்பது புள்ளி வித்தியாசம். ஆனால் ஸ்கேனில் பார்த்தால் மூட்டுக்குள் இருந்த வீக்கமும் நீரும் அப்படியே இருந்தன. வலி தணியலாம், தேய்மானம் மாறாது. படியேற முடியாமல் தவிக்கும் ஒரு பெரியவருக்கு இதுவும் உதவிதான். ஆனாலும் இவை சிறிய, குறுகிய காலச் சோதனைகள்.

பெருங்குடல் புண் நோயிலும் துணை மருந்தாக நல்ல சமிக்ஞை வந்தது. மெசலமின் மாத்திரை போதாமல் அவதிப்பட்ட 50 பேரில், நாளுக்கு 3 கிராம் குர்குமின் சேர்த்துக்கொண்ட 26 பேரில் 14 பேருக்கு ஒரு மாதத்தில் நோய் அடங்கியது; வெற்று மாத்திரை எடுத்த 24 பேரில் ஒருவருக்கும் அடங்கவில்லை. இதிலும் மெசலமினை யாரும் நிறுத்தவில்லை. குர்குமின் அதோடு சேர்ந்தே போனது. நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் போன்ற அஜீரணத்துக்கு ஒமெப்ரசோலுக்கு இணையாக இருந்தது என்று 2023-ல் ஒரு தாய்லாந்து ஆய்வு வந்தது. அதில் வெற்று மாத்திரைப் பிரிவு கிடையாது. எனவே தானாகவே குறைந்ததா, மருந்தால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

தோல்விகளும் உண்டு. அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சிறு சோதனையில் பலன் தெரியவில்லை. கனடாவில் 10 மருத்துவமனைகளில், வயிற்றுப் பெருந்தமனி அறுவைச் சிகிச்சைக்குப் போன 606 பேரிடம் நடந்த சோதனைதான் கவனிக்க வேண்டியது. அறுவைச் சிகிச்சையால் வரும் வீக்கப் பாதிப்பைக் குர்குமின் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தடுக்கவில்லை. அதற்குமேல், சிறுநீரகப் பாதிப்பு குர்குமின் எடுத்தவர்களில் 17 சதவிகிதம், எடுக்காதவர்களில் 10 சதவிகிதம்.

புற்றுநோயைக் குர்குமின் குணப்படுத்தும் என்று காட்டிய பெரிய மனிதச் சோதனை இன்றுவரை ஒன்றுகூட இல்லை. 2002-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், மார்பகப் புற்றுக்கட்டியை உடலில் ஏற்றிய எலிகளில், சைக்ளோபாஸ்பமைட் என்ற கீமோ மருந்தின் வேலையைக் குர்குமின் கெடுத்ததாகவும் ஒரு முடிவு வந்தது. கீமோவில் இருப்பவருக்கு அன்போடு கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுக்கும் அண்ணன், தம்பிகளும் அக்காக்களும் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைக்க வேண்டும்: டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

கல்லீரலுக்கு நல்லது என்று விற்கப்படும் மாத்திரை கல்லீரலையே தாக்கிய சம்பவங்கள் இப்போது பதிவாகி வருகின்றன. மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க மருத்துவமனைக் கூட்டமைப்பு ஒன்று, மஞ்சள் மாத்திரைகளால் 10 பேருக்கு வந்த பாதிப்பை ஆராய்ந்தது. பத்தும் 2011-க்குப் பிறகு நேர்ந்தவை. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். ஏழு பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு அடையாளம் இருந்தது. கிரீன் டீ சாற்று மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களிலும் அதிகமாகக் காணப்பட்டது அதே அடையாளம்தான். இத்தாலியிலும் மஞ்சள் மாத்திரை எடுத்தவர்களுக்கு அடுத்தடுத்துக் கல்லீரல் அழற்சி வந்ததால், அந்நாட்டு அரசு டப்பாக்களில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தை எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டதும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 10-ஐத் தாண்டியது. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அது பொதுவாக 2 முதல் 3 வரைதான் இருக்க வேண்டும். பித்தப்பைக் கல், இரும்புச்சத்துக் குறைவு, சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கேப்ஸ்யூல் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

இத்தனைக்கும் சமையலறை மஞ்சளுக்கும் சம்பந்தம் இல்லை. ஒருவர் ஒரு நாளில் சாம்பார், பொரியல், ரசம் என்று எல்லாம் சேர்த்து 2 கிராம் மஞ்சள் சாப்பிட்டால் உள்ளே போகும் குர்குமின் சுமார் 60 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் அமைத்த நிபுணர் குழுவின் அன்றாட வரம்பு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 180. வீட்டுச் சாப்பாடு இதைத் தாண்டாது. சளி பிடித்த குழந்தைக்குப் பாட்டி கொடுக்கும் மஞ்சள், மிளகு போட்ட பாலும் அப்படியே. பாலின் கொழுப்பும் மிளகும் குர்குமினுக்கு ஏற்ற துணைகள் என்பது பிறகு விஞ்ஞானம் சொன்னது.

பாலீஷுக்குள் ஒளிந்திருக்கும் ஈயம்

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. விலை, நிறத்தைப் பார்த்து வருவதால், வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை டிரம்மில் போட்டுச் சுற்றிப் பாலீஷ் ஏற்றும்போது சிலர் லெட் குரோமேட் என்ற தொழிற்சாலைச் சாயத்தைத் தூவுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் அந்தப் பொடியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஈயம். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. உலகில் 80 கோடிக் குழந்தைகள்வரை ரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயத்தோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் 2020-ல் கணித்தது. அவர்களில் சுமார் 27 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். அதற்குப் பெயிண்ட், பழைய பேட்டரி, பாத்திரம் என்று பல காரணங்கள். மஞ்சளும் அந்தப் பட்டியலில் உண்டு.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் 2020 டிசம்பரிலிருந்து 2021 மார்ச்வரை வாங்கிய 356 மஞ்சள் மாதிரிகளில் 14 சதவிகிதத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகளில் அது மிகப் பயங்கரமான அளவு. இந்திய வரம்பான கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டிய மாதிரிகள் கிடைத்த நகரங்களில் சென்னையும் இருந்தது. கூடுதலாகச் சிக்கியவை பாலீஷ் போட்ட, பளபளவென்று மின்னிய மஞ்சள்கள்தான்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மின்னாத, மண்வாசனை மாறாத முழு விரலி மஞ்சளாக வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளலாம். முழு மஞ்சளை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். போட்ட உடனே நிறம் இறங்கினால் சாயம் ஏற்றியிருக்க வாய்ப்புண்டு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. பொடியில் இந்தச் சோதனை பலிக்காது.

மீதியை அரசுதான் செய்ய வேண்டும். அது முடியாத காரியமும் அல்ல. வங்கதேசம் செய்து காட்டியிருக்கிறது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயம் மஞ்சளிலிருந்து வந்ததே என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவின் ஆராய்ச்சி நிலையமும் 2019-ல் உறுதிப்படுத்தின. பிரதமர் அலுவலகம்வரை செய்தி போனது. பத்திரிகைகள் எழுதின, சந்தைகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள், கையடக்க எக்ஸ்ரே கருவியோடு அதிகாரிகள் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் போனார்கள், கலப்படம் செய்தவர்களுக்கு அங்கேயே அபராதம் விதித்தார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் இருந்த ஈயக் கலப்படம் 2021-ல் பூஜ்ஜியமானது. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயமும் ஏறக்குறைய 30 சதவிகிதம் இறங்கியது. அந்தக் கருவி மாதிரியைத் தொட்டதும் சில விநாடிகளில் ஈயத்தைக் காட்டிவிடும். தமிழ்நாட்டின் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் அதை முதலில் கொண்டுபோக வேண்டிய இடங்கள், மொத்த விலைக் கடைகளுக்கு மஞ்சள் அனுப்பும் பாலீஷ் பட்டறைகளும் பொடி ஆலைகளும்தான்.